பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு சுகாதார மையம்: மவுண்ட் பாயூ நிகழ்வு ஆய்வு

ஒரு வட்டாரத்து மக்கள் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக நோய்வாய்ப்படுகிறார்கள், அவர்களுடைய குழந்தைகள் அதிகமாக இறக்கின்றன என்றால், அங்கே ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கட்டலாம், தேவைதான். ஆனால் 1960-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பாயூ என்ற சிற்றூரில் உருவான டெல்டா சுகாதார மையத்தின் வரலாற்றைப் படித்தால், கட்டிடமும் மருத்துவரும் வந்துசேர்வது வேலையின் சிறு பகுதிதான் என்பது தெரியும். அந்த மையத்தை யார் கேட்டார்கள், யார் நடத்தினார்கள், அங்கே வேலை கற்றுக்கொண்டவர்கள் யார் என்ற கேள்விகள்தான் என்னை இந்த நிகழ்வுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. ஏழைகளின் உடல்நலத்துக்காகத் தொடங்கிய ஒரு நிறுவனம், அதிகாரத்தின் ஒரு பங்கை அவர்கள் கைக்கே மாற்றிக்கொடுக்கப் பார்த்தது. அதன் வெற்றியும் அதற்கு நேர்ந்த அடியும் இரண்டுமே அங்கிருந்துதான் வந்தன.

ஊரும் காலமும்

மவுண்ட் பாயூவை 1887-இல் உருவாக்கியவர்கள் முன்னாள் அடிமைகள். ஐசையா மாண்ட்கோமரியும் அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீனும் காட்டை வெட்டித் திருத்தி, கறுப்பின மக்கள் தாங்களே ஆளும் ஊராக அதை அமைத்தார்கள். வெள்ளையர் ஆதிக்கம் தெருவுக்குத் தெரு கோலோச்சிய மாநிலத்தில், மேயரிலிருந்து போலீஸ்வரை கறுப்பினத்தவரே இருந்த ஊர் அது. 1942-இல் டேபோரியன் மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. அரசு தந்த பணத்தில் அல்ல. 'டேபோர்' என்ற கறுப்பினச் சகோதரச் சங்கம் உறுப்பினர்களிடம் சந்தா வசூலித்து, அதைக் கொண்டு கட்டி நடத்திய மருத்துவமனை. முன்வாசல் வழியாக உள்ளே போய், மரியாதையோடு சிகிச்சை பெற அந்த மக்களுக்கு இருந்த இடம் அதுதான். பின்னாளில் வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வந்துவிடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே நிலைமை வேறு. வடக்கு பாலிவர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) சுமார் 500 சதுர மைல் பரப்பில் ஏறக்குறைய 14,000 ஏழை மக்கள் சிதறிக் கிடந்தார்கள். பெரும்பாலோர் பருத்திப் பண்ணைகளில் விளைச்சலில் பங்கு என்ற வார முறையில் பயிர் செய்தவர்கள் அல்லது நாள்கூலிகள். பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்தது, அடுத்துக் களைக்கொல்லி வந்தது, ஆள்தேவை குறைந்தது. 1967-இல் பண்ணைத் தொழிலாளிக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டம் அமலுக்கு வந்ததும், பண்ணையார்கள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக நிறுத்தினார்கள். அதுவரை இலவசமாகக் கிடைத்த அரசு உணவுப் பொருள்களுக்குப் பதிலாக, கைக்காசு கொடுத்து வாங்க வேண்டிய உணவுக் கூப்பன் முறை வந்துகொண்டிருந்தது. வேலை இல்லாதவரிடம் கைக்காசு ஏது? அந்த ஆண்டு ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி, டெல்டா என்று அழைக்கப்படும் இந்த மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்கு வந்து, குடிசைகளுக்குள் நுழைந்து பசியை நேரில் பார்த்தபோது நாடே அதிர்ந்தது. அங்கு வாழ்ந்தவர்களுக்கு அதில் புதுச்செய்தி எதுவும் இல்லை.

உலகத்தின் வளமான மண்களில் ஒன்று அது. ஆனால் பருத்தியை வீட்டு வாசற்படிவரை நட்டிருந்தார்கள், கீரைப்பாத்தி போடக்கூட இடம் விடவில்லை. பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. வாய்க்கால் நீரைக் குடித்த குடும்பங்கள் இருந்தன. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்தார்கள்.

யோசனை வந்த வழி

ஜாக் கைகர் என்ற மருத்துவர்தான் இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படும் பெயர். மாணவராக இருந்தபோது 1957-இல் தென்னாப்பிரிக்கா சென்று, சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியிடம் சில மாதங்கள் பணியாற்றினார். கார்க் தம்பதி 1940-இல் ஃபொலேலா என்ற ஜூலு மக்கள் பகுதியில் ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். நோயாளி வந்தால் மருந்து கொடுத்து அனுப்புவதோடு நிற்கவில்லை. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பி, யார் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தக் குழந்தையின் எடை ஏறவில்லை என்று கணக்கெடுத்தார்கள். காய்கறித் தோட்டம் போடவைத்தார்கள், கழிப்பறை கட்டவைத்தார்கள். ஒரு ஊரையே நோயாளியாகப் பாவித்து மருத்துவம் பார்க்கலாம் என்று கைகர் கற்றுக்கொண்டது அங்கேதான். நிறவெறி அரசு அந்த முயற்சியை நீடிக்கவிடவில்லை. கார்க் தம்பதி நாட்டை விட்டுப் போக நேர்ந்தது.

1964 கோடையில், கறுப்பின வாக்குரிமைக்காக மிசிசிப்பிக்குச் சென்ற தொண்டர்களுக்கு மருத்துவ உதவி செய்யச் சென்ற குழுவில் கைகரும் இருந்தார். அந்தக் குழுவின் வேர் ஜாக்சன் நகரத்துக் கறுப்பின மருத்துவர் ராபர்ட் ஸ்மித் போன்ற உள்ளூர்க்காரர்கள். வெளி மாநில மருத்துவர்களுக்கு அங்கே சிகிச்சை அளிக்க உரிமம் இல்லை. முதலுதவி செய்யலாம், கூட நிற்கலாம், அவ்வளவுதான். அந்த ஆண்டு டிசம்பரில் கிரீன்வில் நகரில் நடந்த கூட்டத்தில், இப்படி வந்து வந்து போவதில் பயனில்லை, நிரந்தரமாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கைகருக்கு ஃபொலேலா நினைவுக்கு வந்தது. வடக்கே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரி பொறுப்பேற்று, இங்கே ஒரு சுகாதார மையம் நடத்தினால் என்ன? டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் நோய்த்தடுப்பு மருத்துவத் துறைத் தலைவர் கவுண்ட் கிப்சன் அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

டஃப்ட்ஸ் என்ற முடிவில் ஒரு முக்கியமான சூட்சுமம் உண்டு. அதிபர் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் பொருளாதார வாய்ப்பு அலுவலகம் என்ற மத்திய அமைப்பு பணம் வைத்திருந்தது. ஆனால் அது தரும் மானியத்தை அந்தந்த மாநில ஆளுநர் தடுத்துவிட முடியும். மிசிசிப்பி ஆளுநர் கறுப்பின ஏழைகளுக்கான மையத்தை அனுமதிப்பார் என்று நம்ப யாரும் இல்லை. சட்டத்தில் ஒரே விலக்கு: உயர்கல்வி நிறுவனத்துக்குப் போகும் மானியத்தில் ஆளுநர் கைவைக்க முடியாது. பாஸ்டனில் இருக்கும் பல்கலைக்கழகம் ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து மையம் நடத்தியதற்கு இது ஒரு பெரிய காரணம். கைகர் முதலில் சாத்தியக்கூறு ஆய்வுக்கு 30,000 டாலர் கேட்டார் என்றும், ஆய்வெல்லாம் வேண்டாம், 3,00,000 டாலர் தருகிறோம், உடனே தொடங்குங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள் என்றும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

திட்டம் ஒன்று, இடம் இரண்டு. முதல் மையம் 1965 டிசம்பரில் பாஸ்டனின் கொலம்பியா பாயிண்ட் என்ற அரசுக் குடியிருப்பில் திறந்தது. கடலுக்குள் நீண்ட ஒரு நிலத்துண்டு, பக்கத்தில் குப்பைக் கிடங்கு, பெரிய மருத்துவமனைக்குப் போக பஸ் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே மிசிசிப்பியோடு நிற்கிறேன்.

கட்டிடத்துக்கு முன் கூட்டங்கள்

இந்த நிகழ்வில் எல்லோரும் கைகரைப் பேசுகிறார்கள். என் கணிப்பில் ஜான் ஹாட்ச் இல்லாமல் மவுண்ட் பாயூ இல்லை. தெற்கத்தி வாழ்க்கையை அறிந்த கறுப்பின சமூகப் பணியாளர் அவர். மையம் திறப்பதற்கு வெகுமுன்பே அங்கே குடியேறி, சர்ச்சுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கூட்டம் போட்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது வந்த பதிலில் மருத்துவம் முதலில் வரவில்லை. வேலை, சாப்பாடு, வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு என்றுதான் சொன்னார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டதும் பெரும்பாலான திட்டங்கள் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். குறித்துக்கொள்ளும், அறிக்கையில் ஒரு பத்தி எழுதும், பிறகு தான் ஏற்கெனவே தீர்மானித்ததைச் செய்யும். ஹாட்ச் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கூட்டங்களிலிருந்து பத்து வட்டாரச் சுகாதாரச் சங்கங்கள் உருவாயின. ஒவ்வொன்றும் தன் விதிமுறைகளைத் தானே எழுதியது, தன் பிரதிநிதிகளைத் தானே தேர்ந்தெடுத்தது. அப்புறம் பத்தும் சேர்ந்து வடக்கு பாலிவர் கவுண்டி சுகாதார மன்றமாகப் பதிவு செய்யப்பட்டன. வாக்குச்சாவடிக்குப் போனால் வேலை போகும், வீடு எரியும் என்று பயந்து வாழ்ந்த மக்கள். பலருக்கு வாழ்நாளில் எந்த விஷயத்திலும் வாக்களித்த முதல் அனுபவம் இந்தச் சங்கத் தேர்தலாகத்தான் இருந்திருக்கும். உடல்நலச் சமத்துவம் என்பதற்கு இதைவிடச் சரியான அடித்தளம் எனக்குத் தோன்றவில்லை.

உணவு எழுதிய மருந்துச்சீட்டு

1967 நவம்பரில், ஒரு சர்ச் பாதிரியாரின் வீட்டில் தற்காலிகமாக மையம் திறந்தது. அடுத்த ஆண்டு பருத்திக் காடாக இருந்த நிலத்தில் நிரந்தரக் கட்டிடம் எழுந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் வந்தார்கள். சிஸ்டர் மேரி ஸ்டெல்லா சிம்ப்சன் என்ற கன்னியாஸ்திரி, பேறுகாலச் செவிலியராகக் குடிசை குடிசையாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்த்தார், பச்சைக் குழந்தைகளைப் பார்த்தார். அப்படிப் போகும்போதே அடுப்பில் என்ன இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்பதும் கண்ணில் பட்டுவிடும்.

குழந்தைகளைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கு ஒன்று உடனே புரிந்தது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று வந்த குழந்தைகள் பலவற்றின் நோய்க்கு அடியில் இருந்தது பசி. ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வரும். எனவே மருந்துச்சீட்டில் உணவை எழுதத் தொடங்கினார்கள். இத்தனை பால், இத்தனை இறைச்சி, இத்தனை காய்கறி என்று வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கோடு. வட்டாரத்தில் இருந்த கறுப்பினத்தவரின் மளிகைக் கடைகளில் அந்தச் சீட்டைக் காட்டிப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் பில்லை மையத்துக்கு அனுப்புவார், மையம் மருந்தகக் கணக்கிலிருந்து பணம் கொடுக்கும்.

செய்தி ஆளுநர் அலுவலகம்வரை போனது. வாஷிங்டனிலிருந்து அதிகாரி ஒருவர் ஓடிவந்தார். மருந்தகப் பணம் நோய்க்கு மருந்து வாங்கத்தான், மளிகை வாங்க அல்ல என்றார். கைகர் தந்த பதில் பொதுச் சுகாதார வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது: நாங்கள் பார்த்தவரை பாடப்புத்தகத்தில் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குக் குறிப்பிட்ட மருந்து உணவுதான். அதிகாரியால் மேலே பேச முடியவில்லை.

அந்தப் பதிலை வெறும் சாமர்த்தியமாகப் பார்த்துவிடக் கூடாது. அவர்கள் எதையும் மறைத்துச் செய்யவில்லை. மருத்துவருக்கு இருந்த சமூக அந்தஸ்தையும், மருந்துச்சீட்டு என்ற தாளுக்கு இருந்த சட்ட மதிப்பையும் பசிக்காகத் திருப்பிவிட்டார்கள். மருத்துவர் கையெழுத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த வலுவை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

ஆனால் உணவுச் சீட்டும் தானம்தான், மானியம் நின்றால் சோறும் நிற்கும். இதை முதலில் சொன்னவர்கள் சங்கத்து மக்கள். எங்களுக்கு விவசாயம் தெரியும், நிலம்தான் இல்லை என்றார்கள். காய்கறித் தோட்டம் போட யாருக்கு விருப்பம் என்று ஹாட்ச் கேட்டபோது சுமார் ஆயிரம் குடும்பங்கள் முன்வந்தன. தனித்தனித் தோட்டத்துக்குப் பதில் 1968-இல் வடக்கு பாலிவர் கவுண்டி விவசாயக் கூட்டுறவு பிறந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பருத்திக்குப் பதிலாகக் காராமணி, பீன்ஸ், கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டார்கள். உழைத்தவர்களுக்குக் கூலியில் ஒரு பங்கு பணமாகவும் ஒரு பங்கு விளைச்சலாகவும் போனது. பண்ணையாருக்காகவே நட்டுப் பழகிய கைகள் தங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கு நட்டன.

அந்தக் கூட்டுறவை நடத்த முன்வந்தவர் எல்.சி. டார்சி. வாரத்துக்குப் பயிர் செய்யும் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் பெயர் மறுபடி வரும்.

தண்ணீர், பஸ், வங்கி

மையத்தின் சுற்றுச்சூழல் பிரிவு கிணறு தோண்டியது, அடிகுழாய் போட்டது, கழிப்பறை கட்டியது, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தது, ஒழுகும் கூரையைச் சரிசெய்தது. வயிற்றுப்போக்குக்கான சிகிச்சையின் இன்னொரு பாதியாகத்தான் இதைச் செய்தார்கள். சங்கங்கள் சேர்ந்து பஸ் ஓட்டின, ஏனென்றால் 500 சதுர மைலில் கார் இல்லாதவருக்கு மையம் இருந்தும் இல்லாததுதான்.

வங்கி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மையத்தின் கணக்கில் பெரிய தொகை புரண்டது. அந்தக் கணக்கை எங்கே வைப்பது என்பது மையத்தின் விருப்பம். மவுண்ட் பாயூவில் கிளை திற, கறுப்பினத்தவரைக் காசாளராக வை, வீட்டுக் கடனில் பாகுபாடு காட்டாதே, அப்போது எங்கள் கணக்கு உன்னிடம் வரும் என்று பேரம் பேசி ஒரு வங்கியை வரவழைத்தார்கள். ஒரு சுகாதார மையம் தன் வட்டாரத்தின் பெரிய முதலாளியாகவும் பெரிய வாடிக்கையாளராகவும் இருக்கிறது. அந்தச் சம்பளமும் அந்தக் கொள்முதலும் எந்தத் தெருவுக்குப் போகின்றன என்பதை நம் ஊர்களில் சுகாதாரக் கேள்வியாக யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

வேலை கற்றவர்கள்

மையத்தில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களைத் துப்புரவுக்கும் காவலுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதில்லை என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. கல்வி அலுவலகம் ஒன்று அமைத்தார்கள். விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க மாலை வகுப்பு, கல்லூரிக்குத் தயாராக வகுப்பு, எந்தக் கல்லூரி எடுக்கும், உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்று வழிகாட்ட ஆள். முதல் பத்தாண்டுக்குள் அந்த ஏழைக் கிராமங்களிலிருந்து 7 மருத்துவர்களும், சுகாதாரம் சார்ந்த துறைகளில் 5 முனைவர்களும், செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் உருவானார்கள். மிசிசிப்பி வரலாற்றில் பதிவுபெற்ற முதல் 10 கறுப்பினச் சுகாதார ஆய்வாளர்கள் இங்கிருந்து வந்தவர்கள்தான். கைகரே பின்னாளில் தன் எழுத்துகளில் பெருமையோடு கணக்குச் சொன்னது இதைத்தான்.

எல்.சி. டார்சி பள்ளிப் படிப்பை முடித்தார், நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி முதுகலை படித்தார், முனைவர் பட்டம் வாங்கினார், சிறைக் கைதிகளின் உரிமைகளுக்காகப் போராடினார். 1988-இல் அதே டெல்டா சுகாதார மையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

யாருடைய மையம்?

எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வந்ததாகச் சொன்னால் பாதி உண்மை. மாநில மருத்துவர் சங்கத்துக்கும் ஆளுநர்களுக்கும் இந்த மையம் கண்ணில் விழுந்த தூசாகவே இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். சிக்கலான எதிர்ப்பு மவுண்ட் பாயூவுக்குள்ளிருந்தே வந்தது. டேபோரியன் மருத்துவமனையைச் சொந்தச் சந்தாவில் கால் நூற்றாண்டு நடத்தியவர்களுக்கு, வடக்கிலிருந்து வெள்ளைப் பேராசிரியர்கள் பெரும் மத்தியப் பணத்தோடு வந்து இறங்கியதை எளிதில் ஏற்க முடியவில்லை. டேபோரியனும் ஊரில் இருந்த இன்னொரு கறுப்பின மருத்துவமனையும் 1967-இல் இணைந்து மவுண்ட் பாயூ சமுதாய மருத்துவமனையாகி, அதே மத்திய அலுவலகத்தின் பணத்தைப் பெற்றன. ஊரில் இப்போது இரண்டு நிறுவனங்கள். ஒன்றின் பின்னால் ஊரின் வசதியுள்ள, செல்வாக்குள்ள கறுப்பினக் குடும்பங்கள். மற்றொன்றின் சங்கங்களில் சுற்றுக் கிராமங்களின் கூலிகள்.

இந்த இடத்தில் எந்தப் பக்கமும் முழுத் தவறு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கேட்டது தன்மானத்துக்கான கேள்வி: எங்கள் உழைப்பில் எழுந்த நிறுவனத்தை ஓரங்கட்ட நீங்கள் யார்? கூலிகள் கேட்டதும் தன்மானத்துக்கான கேள்விதான்: ஊர்ப் பெரியவர்கள் எங்களுக்காகப் பேசலாம் என்று யார் சொன்னது? 'சமுதாயம்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும்போது இந்த மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பேட்டையில் ஒரு மையம் அமைக்கப் போகிறவர்கள் முதலில் வந்து கைகுலுக்கும் பிரமுகர்களோடு பேசி முடித்துவிட்டு, சமுதாயத்தின் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நினைப்பது எவ்வளவு எளிது!

1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் மனநிலை மாறியது. அதிபர் நிக்சன் வறுமை ஒழிப்பு அமைப்புகளைச் சுருக்கினார். ஒரே சிற்றூரில் இரண்டு நிறுவனங்களுக்கு ஏன் பணம் என்று கேட்டு, மருத்துவமனையையும் மையத்தையும் இணைக்கச் சொன்னார்கள், 1972-இல் இணைந்தன. டஃப்ட்ஸ் அதற்குள் விலகியிருந்தது. கூலிகளின் சங்கங்கள் இணைப்பை எதிர்த்தன, பலன் இல்லை. விவசாயக் கூட்டுறவும் கிணறு தோண்டுவதும் மருத்துவச் செலவுக்குள் அடங்காதவை என்று ஆனபின் அவற்றுக்கான பணம் மெல்ல வற்றியது. உணவுச் சீட்டைக் காப்பாற்றிய வாதம், பணம் தருபவரின் விருப்பம் மாறியபோது அதைக் காப்பாற்றவில்லை. மாநிலத்தைத் தாண்டி வாஷிங்டனோடு நேரடியாக இணைந்ததால்தான் மையம் பிறக்க முடிந்தது. வாஷிங்டன் திரும்பியதும் அருகில் தாங்கிப் பிடிக்க வேறு கை இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம். 1983-இல் மருத்துவமனை மூடப்பட்டது. சுகாதார மையம் தப்பித்தது.

அங்கிருந்து கிளம்பியவை

கொலம்பியா பாயிண்ட் கொடுத்த நம்பிக்கையில், மவுண்ட் பாயூ மையம் திறப்பதற்கு முன் 1966-லேயே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இத்தகைய மையங்களுக்குத் தனியாக நிதி ஒதுக்க வழிசெய்தது. 1970-களின் தொடக்கத்தில் சுமார் 100 மையங்கள். இன்று அமெரிக்காவில் இந்த மரபில் ஏறக்குறைய 1,400 அமைப்புகள் 3 கோடிக்கும் மேலான மக்களுக்கு மருத்துவம் பார்க்கின்றன. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பவை விதி. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் போல அரசே நேரடியாக நடத்துபவை அல்ல இவை, பெரும்பாலானவை தனித்த லாபநோக்கற்ற அமைப்புகள். நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த மையத்தில் சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஹாட்ச் சர்ச்சுகளில் போட்ட கூட்டங்களின் சுவடு அந்த 51-இல் இருக்கிறது.

சுவடு என்றுதான் சொல்ல முடியும். குழுவில் இருக்கை கிடைப்பது வேறு, பத்து ஊர்ச் சங்கங்கள் பின்னால் நிற்க அந்த இருக்கையில் உட்கார்வது வேறு. சட்டம் முதலாவதை எடுத்துக்கொண்டது, இரண்டாவதை எழுதிவைக்க அதனால் முடியவில்லை. பண்ணையும் கிணறும் வங்கிப் பேரமும் இந்த மையங்களின் பொதுவான வேலைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அண்மைக் காலமாக அமெரிக்க மருத்துவமனைகள் சில உணவை மருந்தாக எழுதிக்கொடுக்கும் திட்டங்களைத் தொடங்கியிருக்கின்றன. டெல்டாவின் பருத்திக் காட்டில் அரை நூற்றாண்டுக்கு முன் செய்து காட்டியது அது.

டெல்டா சுகாதார மையம் இன்றும் மவுண்ட் பாயூவைத் தலைமையிடமாகக் கொண்டு சுற்றுவட்டாரத்தில் பல கிளைகளோடு இயங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் மாநிலமோ ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க மறுத்துவந்திருக்கும் மாநிலங்களில் ஒன்று. மிசிசிப்பியின் சிசு மரண விகிதம் இன்னும் நாட்டிலேயே மிக மோசமானவற்றில் ஒன்றாக இருக்கிறது, கறுப்பினக் குழந்தைகளிடையே அது வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இதை வைத்து மையம் தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. காப்பீடு, கூலி, வாக்குரிமை எல்லாவற்றிலும் மாநிலம் எதிர்த்திசையில் இழுக்கும்போது, ஒரு கவுண்டியில் ஒரு மையம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மவுண்ட் பாயூவில் அந்த எல்லையை எங்கள் வேலை இல்லை என்று ஒதுக்கிவிடாமல், சங்கமாகத் திரண்டு தள்ளிப் பார்த்தார்கள். இப்போது அந்த வேலைக்கு அங்கே பணம் தருபவர் யாரும் இல்லை.